கண்ணாடியோடு ஒட்டிப்போன அம்மா: தாராவியில் ஒரு கூட்டுப்படம் உருவான விவரம்

ஜூன் மாதம், மழை பிடித்த இரண்டாவது நாள். மும்பை தாராவியின் 90 அடி சாலையிலிருந்து உள்ளே போகும் சந்து ஒன்றில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா, சயான் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். கையில் பழைய புடவையில் சுற்றிய ஒரு ஃபிரேம். பிரித்து மேஜைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"அம்மா இதுல இருக்கா தம்பி. பாதிதான் இருக்கா. மீதிய வர வச்சிருவியா?"

ஐந்துக்கு ஏழு அங்குலக் கலர் படம். 1991-ல் அக்காவின் சடங்கு அன்று, ஸ்டூடியோவில் இடுப்பு வரைக்கும் எடுத்தது. பெண்ணை எடுத்துவிட்டு, "நீங்களும் ஒண்ணு எடுத்துக்கோங்க" என்று ஸ்டூடியோக்காரர் வற்புறுத்தியதால் அம்மா உட்கார்ந்தாராம். அம்மா தனியாக இருக்கும் ஒரே படம் அதுதான். 2011-ல் அவர் தவறிவிட்டார்.

படம் பாதியாகப் போனது 2005 ஜூலை 26-ல். அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு நிரம்பி, கடலுக்கும் போக வழியில்லாமல் ஓரத்துக் குடியிருப்புகளுக்குள் ஏறியது. அக்கா வீட்டில் நெஞ்சளவு தண்ணீர். சுவரில் மாட்டியிருந்த படம் ஒரு ராத்திரி முழுக்க நனைந்து, பிறகு கண்ணாடியோடு சேர்ந்தே காய்ந்தது.

வேலை எப்படிப் போனது, எங்கே தவறினேன், கடைசிப் படத்தில் எந்த அடுக்கு எதற்காக இருக்கிறது என்று எழுதிவைக்கிறேன். பழைய படங்களை வைத்துக் கூட்டுப்படம், அதாவது பல படங்களைச் சேர்த்து ஒரே படம், செய்கிறவர்களுக்கு உதவும்.

தண்ணீர் என்ன செய்திருந்தது

கலர் பிரிண்ட் தாளில் சாயங்கள் மூன்று அடுக்காக ஜெலட்டினில் இருக்கும். தாளை ஒட்டி அடியில் மஞ்சள், நடுவில் மெஜந்தா எனும் ஊதா கலந்த சிவப்பு, மேலே சயான் எனும் நீலப்பச்சை. தண்ணீரில் ஊறினால் ஜெலட்டின் உப்பும், இளகும், கிருமி தின்னும். மேலடுக்குதான் முதலில் போகும். நீலப்பச்சை போனதும் மிஞ்சுவது சிவப்பு. அடுத்து மெஜந்தாவும் போனால் வெறும் மஞ்சள். அதுவும் போனால் வெள்ளைத் தாள்.

அம்மாவின் படத்தில் இதை அப்படியே பார்க்க முடிந்தது. இடது ஓரம் வெறும் வெள்ளை. அதை அடுத்து ஒரு விரல் அகலம் மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் செங்கல் சிவப்பு. அதற்கும் உள்ளேதான் முகம். ஒரு பக்கத்துத் தோளும் காதும் காதில் போட்டிருந்த கம்மலும் அந்த வெள்ளைக்குள் போய்விட்டன. கண் இரண்டும் தப்பித்திருந்தன. மூக்கும் வாயும் அப்படியே இருந்தன.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள். காய்ந்த ஜெலட்டின் தாளைவிடக் கண்ணாடியைத்தான் இறுக்கமாகப் பிடித்திருக்கும், இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடிக்கு மேலிருந்தே படம் எடுத்துக்கொள்வதுதான் பத்திரம்.

நான் கேமராவை நேர்கீழாகப் பார்க்கும்படி ஸ்டாண்டில் பூட்டி, அசைக்காமல் இரண்டு படம் எடுத்தேன். முதலாவதற்கு இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு. விளக்குகளின் முன்னால் போலரைசர் தாள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது), லென்ஸிலும் போலரைசர். லென்ஸில் இருப்பதைத் திருப்பிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் கண்ணாடியின் பளபளப்பு மொத்தமாக அணைந்து, படம் மட்டும் தெரியும். இரண்டாவதற்கு போலரைசர்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் மேஜையோடு மேஜையாகத் தாழ்த்தி வைத்தேன். இப்போது கண்ணாடியில் ஒட்டாமல் இருந்த இடங்களில் ஜெலட்டினின் மேடுபள்ளம் நிழலோடு எழுந்து வந்தது. சுருங்கிய தோல், நரம்பு நரம்பாக ஓடும் வெடிப்பு, காற்றுக் குமிழ் நின்ற வட்டங்கள். அன்றைக்கு அதை வெறும் ஆவணமாகத்தான் எடுத்து வைத்தேன். கடைசியில் படத்தைத் தாங்கியது அதுதான்.

முதல் இரண்டு தோல்விகள்

முதலில் அக்கா கேட்டதையே செய்தேன். கறையைத் துடைத்து, நிறத்தைத் திருத்தி, போன தோளை மறுபக்கத்துத் தோளைத் திருப்பிப் போட்டு நிரப்பி, பின்னால் சாம்பல் திரை ஒன்றை வைத்தேன். சுத்தமாக இருந்தது. அக்கா ஃபோனில் ரொம்ப நேரம் பார்த்தார். "யாரோ கல்யாண ஆல்பத்துல இருக்கிறவ மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னது சரி. முகத்தின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஆனால் அது யார் முகமாகவும் இல்லாமல் போகும்.

ஏ.ஐ. மாடலை வைத்து நிரப்பச் சொல்லலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். சொன்னால் ஒரு நொடியில் காது வரும், கம்மலும் வரும். ஆனால் அந்தக் கம்மல் அம்மா போட்டதாக இருக்காது. மகள் தினமும் பார்க்கப்போகிற படத்தில் அப்படி ஒன்றை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதனால், மறைந்ததை மறைந்ததாகவே விட்டு, அம்மாவை அவர் வாழ்ந்த இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தும் ஒரு கூட்டுப்படம் செய்யலாமா என்று கேட்டேன். "எங்க வீட்டு வாசல்ல நிக்கிறாப்லயா? செய்யி" என்றார்.

இரண்டாவது தோல்வி முழுக்க என்னுடையது. மழை, இருட்டு, சந்து முழுக்க இடுப்பளவு தண்ணீர், நடுவில் அம்மா. படம் இடுப்பு வரைக்கும்தான் இருந்ததால், கீழே தண்ணீர் வந்தால் வெட்டும் மறைந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். மேலே இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும் டெக்ஸ்சர்கள், அதாவது படத்தின்மேல் ஏற்றும் மேற்பரப்புப் படங்கள்: வெடித்த சிமெண்ட், கீறல் விழுந்த பிலிம், துருப்பிடித்த தகரம். மொத்தம் 11 அடுக்கு. பார்க்கிறவர்களை அள்ளிக்கொண்டு போகும் படம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அக்கா பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தண்ணியப் பாத்துட்டு அம்மா இப்டியா நிப்பா? எங்கள லாஃப்ட்ல ஏத்திவிடத்தான் ஓடுனா. அன்னிக்கு அவ ஒரு எடத்துல நிக்கவே இல்ல தம்பி."

பத்து நாள் வேலையை அன்றே மூடிவைத்தேன். துயரமான படம் செய்யவேண்டும் என்று நான் உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்கு வேண்டியது அம்மா. அந்தப் படத்தை இப்போது திறந்து பார்த்தால் இன்னொரு தப்பும் தெரிகிறது. எங்கோ ஒரு ஊர்ச் சுவரின் வெடிப்பு அம்மாவின் மூக்கின்மேல் ஓடுகிறது. அந்த வெடிப்புக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. படத்தின் மேல் அழுக்குக் கண்ணாடி ஒன்றைச் சாத்திவைத்தது போலத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். டெக்ஸ்சர் எல்லாம் அந்த வீட்டிலிருந்தே வரவேண்டும்.

வாசலும் வெளிச்சமும்

கூட்டுப்படத்தில் ஒட்டு தெரிவதற்கு முதல் காரணம் ஓரம் சரியாக வெட்டாதது என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் வெளிச்சம்தான். அதன் பிறகு கேமராவின் உயரமும் தூரமும். ஓரம் கடைசியில்தான் வரும்.

அம்மாவின் படத்தில் மூக்கின் நிழல் சின்னதாக வலப்பக்கம் கீழே விழுகிறது. அப்படியானால் பெரிய விளக்கு இடது மேலே, அதோடு எதிரிலிருந்து மெல்லிய நிரப்பு வெளிச்சம். இந்த மாதிரி வெளிச்சம் சந்தில் எங்கே கிடைக்கும்? நடுச் சந்தில் கிடைக்காது, அங்கே தலைக்கு மேலிருந்து ஒரு கீற்றுதான் இறங்கும், கண் பள்ளமாகிவிடும். ஆனால் வீட்டு நிலைப்படியில் வெளியைப் பார்த்து நிற்பவருக்கு வெளிச்சம் எதிரிலிருந்து வரும். அக்கா வீட்டுக்கு இடதுபக்கம் சந்து சாலையைப் பார்த்துத் திறக்கிறது, வானம் அந்தப் பக்கம்தான் கொஞ்சம் அதிகம். மேகம் மூடிய காலை எட்டு மணிக்கு, ஸ்டூடியோ விளக்கு இருந்த திசையில் வெளிச்சம் தானாகவே வந்து நின்றது. அக்காவை நிலைப்படியில் நிற்கவைத்து மூக்கின் நிழலைப் பார்த்தே இதை உறுதி செய்துகொண்டேன்.

தூரம்தான் சிக்கல். ஸ்டூடியோக்காரர் ஏறக்குறைய எட்டடி தள்ளி நின்று எடுத்திருப்பார் என்பது என் கணிப்பு. சந்தோ நாலரை அடி. கிட்டே நின்று அகல லென்ஸில் எடுத்தால் நிலை வளைந்து, அம்மா மட்டும் தட்டையாகத் தெரிவார். எதிர்வீட்டு அம்மா தன் நீலத் தண்ணீர் டிரம்மை நகர்த்தி, அடுப்படிக்கும் பீரோவுக்கும் நடுவில் எனக்கு இடம் கொடுத்தார். அங்கே முக்காலியை நாலடி உயரத்துக்கு இறக்கி, அவர் வாசல் வழியாக அக்கா வாசலை எடுத்தேன். ஏழு படம். ஆட்கள் கடக்காத இடைவெளி அவ்வளவுதான் கிடைத்தது.

ஆவி

இப்போது இடுப்புக்குக் கீழே என்ன? இந்தக் கேள்விக்கு விடை அக்கா சொன்ன ஒரு சின்ன விஷயத்தில் இருந்தது. அம்மா விடியற்காலை மூன்றரைக்கு இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றுவாராம். கதவைத் திறந்ததும் ஆவி சந்துக்குள் போகும், அதைப் பார்த்து எதிர்வீட்டில் எழுந்துகொள்வார்களாம்.

மறுநாள் நாலு மணிக்குப் போனேன். இட்லி ஆவி கேமராவில் சுலபமாக விழாது. முன்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. பின்னால் பக்கவாட்டில் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கை லென்ஸுக்குள் அடிக்காதபடி வைத்து, அதற்கும் பின்னால் கறுப்பு வெல்வெட் துணியைத் தொங்கவிட்டேன். ஷட்டர் வேகத்தை நொடியில் 500-ல் ஒரு பங்கு வைத்தபோது ஆவி பஞ்சு கிழிந்தது போல வந்தது. 8-ல் ஒரு பங்கில் வெறும் புகைமூட்டம். 30-ல் ஒரு பங்கில்தான் சுருள் தெரிந்தது, அது மேலே போவதும் தெரிந்தது. மூடியைத் திறக்கும் முதல் மூன்று நொடிதான் கணக்கு. அக்கா ஆறு ஈடு எடுத்தார், ஆறு தடவையும் எடுத்தேன்.

கறுப்புத் துணி எதற்கென்றால், கணினியில் இந்த அடுக்கை 'ஸ்கிரீன்' முறையில் வைத்தால் கறுப்பு முழுவதும் காணாமல் போகும், வெளிச்சம் மட்டும் கீழடுக்கோடு சேரும். ஆவியை வெட்டவே வேண்டாம். நான் ஆவியை மூன்று அடுக்காக வைத்தேன். அம்மாவுக்குப் பின்னால் ஒன்று, முன்னால் இடுப்பை மூடி ஒன்று, காணாமல் போன தோள் இருக்கவேண்டிய இடத்தில் மெல்லியதாக ஒன்று. பின்னாலும் முன்னாலும் ஆவி இருப்பதால்தான் அவர் வாசலுக்குள் நிற்கிறார். முன்னால் மட்டும் போட்டிருந்தால் போஸ்டர்மேல் ஊதிய புகையாக இருந்திருக்கும்.

டெக்ஸ்சர்கள்

மூன்றுதான் பயன்படுத்தினேன். பதினொன்று மூன்றானது.

ஒன்று, வாசலுக்குப் பக்கத்துச் சுவர். மேலே பச்சை, உரிந்த இடத்தில் நீலம், அதற்கும் கீழே சுண்ணாம்பு. வெள்ளத்துக்குப் பிறகு இரண்டு தடவை வண்ணம் அடித்தும், தண்ணீர் நின்ற கோடு மழைக்காலத்தில் ஈரமாகத் தெரியும் என்று அக்கா காட்டினார். மேகமூட்டத்தில், லென்ஸைச் சுவருக்குச் சரியான செங்கோணத்தில் வைத்து, லென்ஸின் துளையை எஃப் 8 அளவில் வைத்து எடுத்தேன். சாய்த்து எடுத்தால் ஒரு ஓரம் மங்கும், பிறகு பெரிய படத்தில் அது காட்டிக்கொடுக்கும்.

இரண்டு, அக்கா இன்றும் பயன்படுத்தும் கொப்பரையின் அடிப்பக்கம். அம்மா வாங்கியது. கரி பிடித்து, தேங்காய் நாரால் தேய்த்து, மறுபடி கரி பிடித்து, அலுமினியத்தில் வட்ட வட்டமாக ஆயிரம் கோடு.

மூன்று, முன்னே சொன்ன ஜெலட்டினின் மேடுபள்ளம்.

சுவர் டெக்ஸ்சரை முதலில் கறுப்புவெள்ளையாக்கினேன். நிறத்தோடு விட்டால் பச்சை எல்லாவற்றின்மேலும் ஏறும். பிறகு ஹை பாஸ் ஃபில்டரைப் பெரிய ஆரத்தில் ஓட்டினால், சுவரில் விழுந்த வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் போய், உரிவும் புள்ளியும் மட்டும் நடுச்சாம்பலின் மேல் நிற்கும். 'சாஃப்ட் லைட்', 'ஓவர்லே' முறைகளில் நடுச்சாம்பல் கீழே எதையும் மாற்றாது. அதைவிட வெளிர் இருந்தால் வெளிர்க்கும், கறுப்பு இருந்தால் கறுக்கும். சுவரை 'சாஃப்ட் லைட்'டில் 40 சதவீதம் வைத்தேன், அதுவும் வாசல் சட்டத்தின் கோணத்துக்கு வளைத்து, சுவர் இருக்கும் இடத்தில் மட்டும். சுவரின் உரிவு சுவரில்தான் இருக்கவேண்டும், சேலையில் ஏறக்கூடாது.

கொப்பரைக் கரியை, கீழடுக்கைக் கறுக்கவைக்கும் 'மல்டிப்ளை' முறையில், 30 சதவீதத்துக்கும் கீழே, வீட்டுக்குள்ளே தெரியும் இருட்டுக்கு மட்டும். வெறும் கறுப்பாக இருந்த அந்த இடம் பலவருஷம் சமைத்த சுவராக மாறியது. அந்த வட்டக் கோடுகள் அம்மாவின் தலைக்குப் பின்னால் வந்து நின்றன, லேசாக. நான் திட்டமிடவில்லை, ஆனால் பார்த்ததும் அங்கேயே விட்டேன்.

ஜெலட்டின் அடுக்குதான் அம்மாமேல் போவதற்கு உரிமை உள்ள ஒரே டெக்ஸ்சர். கேமராவை அசைக்காமல் எடுத்ததால் முகத்தோடு புள்ளிக்குப் புள்ளி பொருந்தியது. 'ஓவர்லே'யில் வைத்து, அடுக்கை வேண்டிய இடத்தில் மட்டும் மறைக்க உதவும் லேயர் மாஸ்க்கில் மென்மையான பிரஷ்ஷால், 10 சதவீத ஃப்ளோவில் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கினேன். கண்களில் முழுக்க நீக்கினேன். வாயின் ஓரத்தில் பாதி. கன்னத்தில் ஏறக்குறைய அப்படியே விட்டேன். முகம் முழுக்கச் சமமாகப் போட்டால் முகமூடியாகிவிடும். முழுக்க எடுத்தால் பழைய ஆல்பம்தான்.

அப்புறம் அந்த மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு. முதல் முயற்சியில் முதல் வேலையாக நான் துடைத்தது இதைத்தான். இப்போது அதை வைத்துக்கொண்டே அடுப்பு எந்தப் பக்கம் என்று யோசித்தேன். உள்ளே இடதுபக்கம்தான் அடுப்பு. வெள்ளம் அரித்த பக்கமும் அதுவே. வெள்ளை ஓரத்தை மட்டும் இருட்டாலும் ஆவியாலும் மூடி, ஆரஞ்சையும் சிவப்பையும் தொடாமல் விட்டேன். அம்மாவின் ஒரு பக்கத்தில் அடுப்பு வெளிச்சம் விழுவது போல ஆயிற்று. அந்த நிறத்தில் ஒரு துளிகூட நான் சேர்த்ததில்லை. 2005-ல் தண்ணீர் செய்தது.

காது

வேலை முடிகிற நேரத்தில் அக்கா ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே ஏழுகல் கம்மல். அம்மாவுடையது, படத்தில் போட்டிருந்த அதே ஜோடி. "இது போதுமா?"

அக்காவைக் கம்மலைப் போடச்சொல்லி, அதே நிலைப்படியில், அதே எட்டு மணிக்கு எடுத்தேன். ஆவிக்குள் பாதி மறைந்து ஒரு காதும் அதில் மூன்று கல்லும் தெரிகின்றன. காது மகளுடையது. இதை அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். "அவ காது மாதிரிதான் என் காதும்" என்றார்.

அக்கா பையன் கல்லூரியில் படிக்கிறான். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "இப்டி ஒட்டுனா அது பொய்தான மாமா?" என்று நேராகக் கேட்டான். நல்ல கேள்வி. 1850-களில் குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு ஒரு நெகடிவ் என்று எடுத்து ஒரே தாளில் சேர்த்தார். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீலம்தான் வேகமாக ஏறும், ஒரே தடவையில் எடுத்தால் வானம் வெளுத்துவிடும். கண் பார்த்ததைக் காட்டவே அவர் இரண்டைச் சேர்த்தார். 1857-ல் ரெய்லாண்டர் என்ற புகைப்படக்காரர் 30-க்கும் மேற்பட்ட நெகடிவ்களைச் சேர்த்து ஒரே படம் செய்தார். அதற்கும் அப்போதே சண்டை வந்தது. ஃபோட்டோஷாப்பில் லேயர் எனும் அடுக்கு வந்தது 1994-ல்தான், கேள்வி அதைவிட ரொம்பப் பழசு. நான் அவனிடம் சொன்னது இதுதான்: எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று உன்னால் விரல் வைத்துக் காட்ட முடிந்தால் பொய் இல்லை. அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான், நான் காட்டினேன்.

பிரிண்ட்

கடைசி அடுக்கு மணிகள், அதாவது படத்தில் தெரியும் நுண்புள்ளிகள் (கிரெய்ன்). பழைய படம் மென்மை, வாசல் படம் கூர்மை. இரண்டும் வேறு வேறு நாளில் எடுத்தவை என்று கண் உடனே கண்டுபிடிக்கும். வாசலைக் கொஞ்சம் மங்கலாக்கி, எல்லாவற்றுக்கும் மேலே நடுச்சாம்பல் அடுக்கில் நாய்ஸ் எனும் சிதறல் புள்ளிகள் சேர்த்து 'சாஃப்ட் லைட்'டில் வைத்தேன். ஒரே மணி எல்லாவற்றின்மேலும் ஓடியதும் ஒரே தாளாயிற்று. கோப்பு தொடக்கம் முதல் 16 பிட். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிதான், ஆவி இருட்டுக்குள் கரைகிற இடத்தில் அவை பட்டை பட்டையாகத் தெரியும்.

அளவு 16-க்கு 24 அங்குலம், அங்குலத்துக்கு 300 புள்ளி. அதாவது 4800-க்கு 7200. மேட் பருத்தித் தாள். முதல் பிரிண்டில் கொப்பரைக் கரி எல்லாம் ஒரே கறுப்பாக அடைந்துவிட்டது. என் திரை அளவுக்கு மேல் பிரகாசமாக இருந்தது, அதோடு மேட் தாளில் கறுப்பு அவ்வளவு ஆழம் போகாது, அடிநிழல்கள் ஒன்றாகிவிடும். திரையின் பிரகாசத்தைச் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலாவுக்கு இறக்கி, நிழல்களைக் கொஞ்சம் தூக்கி, முகமும் ஆவியும் வரும் ஒரு கீற்றை மட்டும் சோதனைக்கு அடித்துப் பார்த்து, அப்புறம் முழுதாக அடித்தேன். ஃபோட்டோஷாப்தான் வேண்டும் என்றில்லை. கிம்ப், கிரிட்டா இரண்டிலும் இந்தக் கலப்பு முறைகள் எல்லாம் இருக்கின்றன, காசும் வேண்டாம்.

ஆகஸ்டில் ஃபிரேம் போட்டுக் கொண்டுபோனேன். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லியிருந்தேன், இனி நனைந்தாலும் அவ்வளவு சுலபமாக ஒட்டாது. எதிர்வீட்டு அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார். "கொப்பர ஏத்திட்டா" என்றார், அவ்வளவுதான்.

நான் ஆணியைப் பழைய இடத்திலேயே, பழைய ஓட்டையிலேயே வைத்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். சுவரில் ஈரக்கோட்டை விரலால் தொட்டு, அங்கிருந்து தன் கையை முழுசாக மேலே நீட்டி, எட்டிய இடத்தில் அடிக்கச் சொன்னார்.